புகைத்தது மச்சான், பிடிபட்டது என் முடி

கேள்வி: ஐயா, எனக்கு 27 வயது. ஜேர்மனியில் டோட்முண்டில் பொதி விநியோகிக்கும் வான் ஓட்டிக்கொண்டிருந்தேன். 2023இல் கஞ்சா பாவித்துவிட்டு வாகனம் ஓட்டி, இரண்டாவது தடவையாகப் பிடிபட்டேன். லைசென்ஸ் போய்விட்டது. அது என் பிழைதான், மறைக்கவில்லை. அன்றைக்கு விட்டவன் இன்றுவரை தொடவில்லை. லைசென்ஸைத் திரும்ப எடுக்க, வாகனம் ஓட்டத் தகுதி உண்டா என்று பார்க்கும் மருத்துவ, உளவியல் சோதனையான எம்.பே.ஊ.வுக்குப் போகவேண்டும் என்பதால் ஆறு மாதத்துக்கான முடிப் பரிசோதனை கொடுத்தேன். கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. 0.03 என்று வந்திருக்கிறது. இதுவரை கட்டிய காசும் காத்த காலமும் வீண். நான் இருப்பது மச்சான் வீட்டில். அவர் ஒவ்வொரு இரவும் ஹோலில் இருந்து புகைப்பார், அந்த ஹோல் சோபாவில்தான் நான் படுப்பேன். அவருடைய புகை என் முடியில் ஏறுமா? மொட்டை அடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா? அம்மா ஊரிலிருந்து ஒவ்வொரு கிழமையும் "லைசென்ஸ் கிடைச்சிட்டுதா" என்று கேட்கிறா. என்ன சொல்வதென்று தெரியவில்லை.
(பெயர் வேண்டாம்)

பதில்:

தம்பி, ஏறும். பக்கத்தில் இருப்பவர் விடும் கஞ்சாப் புகையில் உள்ள டி.எச்.சி. உங்கள் முடியில் படியும். தினமும் அந்தப் புகைக்குள் படுத்து எழும்புகிற ஒருவருக்கு 0.03 வருவது நடக்கக்கூடிய விஷயம்தான்.

அதற்காக உங்கள் கதை நிரூபணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 0.03 என்ற எண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் புகைத்தீர்கள் என்று என்னால் சொல்ல முடியாது, புகைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நச்சியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற எவரும் நேர்மையாகப் பேசினால் இதைத்தான் சொல்வார். உங்கள் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

முடிப் பரிசோதனை எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். தலையின் பின்பக்கம், உச்சிக்குச் சற்றுக் கீழே, பென்சில் தடிப்பில் ஒரு கற்றையை எடுத்து, நூலால் கட்டி, தோலை ஒட்டி வெட்டுவார்கள். அலுமினியத் தாளில் வைத்து மடித்து, எது வேர்ப்பக்கம் என்று குறித்து அனுப்புவார்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். அதனால் ஆறு சென்ரிமீற்றர் முடி என்றால் ஆறு மாதக் கணக்கு. இரத்தத்தில் ஓடும் போதைப்பொருள் முடியின் வேருக்குள் போய், முடியோடு சேர்ந்து வளர்ந்து வெளியே வரும், அதை வெட்டிப் பார்த்தால் எந்த மாதம் என்ன எடுத்தார் என்று வாசித்துவிடலாம் என்பது இந்தப் பரிசோதனையின் அடிப்படை எண்ணம்.

கொக்கெயின் போன்ற பொருட்களுக்கு இது ஓரளவு சரியாகவே பொருந்துகிறது. அவை காரத் தன்மை உள்ளவை, முடியின் கறுப்பு நிறமியான மெலனினோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். டி.எச்.சி. அப்படியானதல்ல. அது எண்ணெய் மாதிரியான பொருள். மெலனினோடு அதற்குப் பெரிய ஒட்டுறவு இல்லை. இரத்தத்தின் வழியாக முடிக்குள் அது போவது மிக மிகக் குறைவு. அப்படியென்றால் கஞ்சா புகைப்பவர்களின் முடியில் இவ்வளவு டி.எச்.சி. எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்வியை ஜேர்மனியிலேயே, பிரைபுர்க் பல்கலைக்கழகத்தின் தடயவியல் மருத்துவத் துறையினர் எடுத்துக்கொண்டார்கள். 2015இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் ஒரு திருப்பம். தொண்டர்களுக்கு டி.எச்.சி.யை வாய்வழியாக, ஒரு நாளைக்கு மூன்று வேளை, 30 நாட்கள் கொடுத்தார்கள். புகை இல்லை, இலை இல்லை, கையில் பிசுபிசுப்பு இல்லை. உடம்புக்குள் மட்டும் டி.எச்.சி. பிறகு முடியை எடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தின் வழியாக டி.எச்.சி. சொல்லத்தக்க அளவில் முடிக்குள் போகவில்லை. புகைப்பவரின் முடியில் இருக்கும் டி.எச்.சி.யும் பெரும்பாலும் வெளியிலிருந்து ஒட்டியதுதான் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒட்டும் வழிகள் மூன்று: புகை, கஞ்சா தொட்ட கை, புகைப்பவரின் வியர்வையும் தோல் எண்ணெயும். இந்த மூன்றும் புகைப்பவரின் தலையோடு நின்றுவிடுவதில்லை. கஞ்சாவைத் தொடாத இன்னொருவரின் தலைக்கும் போகும்.

உங்கள் விஷயத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மச்சான் புகைக்கிறார். அதே முறையில் அதே டி.எச்.சி. உங்கள் தலையிலும் அவர் தலையிலும் படிகிறது. அவருக்குக் கூட, உங்களுக்குக் குறைய, அவ்வளவுதான். பரிசோதனை இயந்திரத்துக்கு டி.எச்.சி. என்ற மூலக்கூறு தெரியும், அது யாருடைய புகையில் வந்தது என்று தெரியாது.

கை என்று சொன்னேன், அதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பலர் புகையை மட்டும்தான் யோசிக்கிறார்கள். உலர்ந்த கஞ்சாப் பூவை விரல்களால் உதிர்த்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிசின் எப்படி ஒட்டும் என்று தெரியும். நன்றாகச் சவர்க்காரம் போட்டாலும் விரல் நுனியில் கொஞ்ச நேரம் வாசனை நிற்கும். அந்த விரலால் தலையைக் கோதினால், தலையணையைத் தட்டிப் போட்டால், ஒரே சீப்பை எடுத்தால், ஒரே துவாயில் துடைத்தால் முடிந்தது. பச்சைச் செடியிலும் உலர்ந்த பூவிலும் டி.எச்.சி.யின் பெரும்பகுதி அமில வடிவத்தில்தான் இருக்கும். சூடு பட்டால் அது டி.எச்.சி.யாக மாறும். ஒருவருடைய முடியில் அந்த அமில வடிவம் கூடுதலாக இருந்தால், கஞ்சாவைத் தொட்ட கை அந்த முடியில் பட்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். மச்சானுக்கு நீங்கள் எப்போதாவது சுருட்டிக் கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்திருந்தால் அதை உங்களுக்குள்ளேயே ஒப்புக்கொள்ளுங்கள், இனிமேல் செய்யாதீர்கள். "நான் புகைக்கவில்லை, சுருட்டி மட்டும் கொடுத்தேன்" என்பது முடிக்குப் புரியாது.

பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்களும் இதைக் கவனிக்கவேண்டும். ஒரு குழந்தையின் முடியில் டி.எச்.சி. வந்தால், குழந்தைக்குக் கஞ்சாவைக் கொடுத்துவிட்டார்கள் என்று உடனே பதறுவார்கள். குழந்தை அந்தப் புகையை மூச்சில் இழுத்தது என்றுகூட அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. தகப்பன் கஞ்சா தொட்ட கையோடு பிள்ளையின் தலையைத் தடவியிருந்தாலே போதும். இது சின்ன விஷயமல்ல. கனடாவில், டொரொண்டோ சிறுவர் மருத்துவமனையில் இருந்த மதரிஸ்க் ஆய்வுகூடத்தின் முடிப் பரிசோதனைகளை நம்பிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த வழக்குகள் இருந்தன. 2005 முதல் 2015 வரை அங்கு செய்த பரிசோதனைகள் நம்பகமற்றவை என்று ஒன்ராறியோ அரசு அமைத்த சுயாதீன விசாரணை 2015இன் கடைசியில் சொன்னது. பிறகு வந்த ஆணைக்குழு, 56 வழக்குகளில் அந்தப் பரிசோதனை முடிவைக் கணிசமாகப் பாதித்திருந்தது என்று 2018இல் அறிக்கை கொடுத்தது. அங்கே நடந்தது ஆய்வுகூட முறையில் நேர்ந்த தவறு, உங்கள் விஷயம் வேறு. ஆனாலும் ஒரு கற்றை முடியை வைத்து ஒரு குடும்பத்தின் தலைவிதியை எழுதுவதற்கு முன்னால் எவ்வளவு யோசிக்கவேண்டும் என்பதை அந்த 56 வழக்குகளும் எனக்கு இன்றைக்கும் நினைவுபடுத்துகின்றன.

சரி, முடியைக் கழுவிவிட்டுத்தானே பரிசோதிக்கிறார்கள், வெளியில் ஒட்டியது போய்விடாதா என்று கேட்பீர்கள். கழுவுகிறார்கள்தான். தண்ணீரிலும் கரைப்பானிலும் அலசி எடுத்த பிறகுதான் முடியை நொறுக்கி உள்ளே இருப்பதைப் பிரித்தெடுப்பார்கள். மேலே சும்மா படிந்திருப்பது அதில் போய்விடும். ஆனால் முடி கண்ணாடிக் குழாய் மாதிரி வழுவழுப்பானதல்ல. மீன் செதில் மாதிரி அடுக்கடுக்கான மேற்பரப்பு. வியர்வையிலும் எண்ணெயிலும் ஊறிய முடியில் டி.எச்.சி. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கிவிடும். மாதக்கணக்கில் ஒவ்வொரு இரவும் இறங்கியது ஒரு தடவை அலசினால் முழுக்க வெளியே வராது. கழுவிய நீரையும் தனியாகப் பரிசோதித்தார்களா என்று உங்கள் ஆய்வுகூடத்திடம் எழுத்தில் கேளுங்கள். அந்த நீரில் டி.எச்.சி. நிறைய இருந்தால், வெளியிலிருந்து ஒட்டியிருக்கலாம் என்ற உங்கள் வாதத்துக்கு அது ஒரு பிடி.

இன்னொரு பரிசோதனையும் இருக்கிறது. டி.எச்.சி. உடம்புக்குள் போனால் கல்லீரல் அதை வேறொரு பொருளாக மாற்றும். சுருக்கமாகக் கார்பொக்சி டி.எச்.சி. என்பார்கள். இது புகையில் இல்லை, உடம்புதான் இதை உண்டாக்கும். அதனால் ஒருவரின் முடியில் இது இருந்தால், அவர் உண்மையிலேயே பாவித்திருக்கிறார் என்பதற்கு டி.எச்.சி.யைவிட வலுவான சான்று. அமெரிக்காவில் வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்காக முடி பார்க்கும் ஆய்வுகூடங்கள் இதைத்தான் தேடுகின்றன. அளவு மிகச் சிறியது. முடிப் பரிசோதனை நிபுணர்களின் சர்வதேச அமைப்பு இதற்கு வைத்திருக்கும் எல்லை, ஒரு மில்லிகிராம் முடிக்கு 0.2 பிக்கோகிராம். உங்களுக்கு வந்த 0.03 நானோகிராம் டி.எச்.சி. என்பது 30 பிக்கோகிராம், அந்த எல்லையைப்போல் 150 மடங்கு. இவ்வளவு நுண்ணிய அளவைப் பிடிக்க விசேஷ இயந்திரம் வேண்டும், எல்லா ஆய்வுகூடத்திலும் செய்யமாட்டார்கள்.

இதை மட்டும் நம்பி இருக்கவும் வேண்டாம். பிரைபுர்க் ஆய்வு இதிலும் ஒரு எச்சரிக்கை வைத்தது: புகைப்பவரின் வியர்வையிலும் தோல் எண்ணெயிலும் இந்தப் பொருள் இருப்பதால், நெருங்கிப் பழகுபவரின் முடிக்கு அதுவும் மாறலாம். மறுபக்கம், இது வரவில்லை என்பதால் ஒருவர் புகைக்கவில்லை என்றும் ஆகாது. எப்போதாவது புகைப்பவரின் முடியில் இது அகப்படாமலே போகலாம். ஆகவே கேட்டுப் பார்க்கலாம், உங்கள் பக்கத்துக்கு ஒரு சின்ன ஆதாரமாக வைத்துக்கொள்ளலாம், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

பழைய பழக்கத்தின் மிச்சமாக இருக்குமோ என்றும் யோசித்தேன். தலையில் உள்ள முடியில் பத்திலிருந்து பதினைந்து வீதம் வளராமல் ஓய்வில் நிற்கும், சில மாதம் கழித்துத்தான் உதிரும். அதனால் நேற்று நிறுத்தியவருக்கு இன்னும் சில மாதங்கள் பழைய தடயம் வரும். நீங்கள் 2023இல் நிறுத்தியது உண்மையானால், உங்களுக்கு இந்தக் காரணம் பொருந்தாது. இதைச் சொல்லி எவராவது உங்களுக்கு நம்பிக்கை கொடுத்தால் எடுக்கவேண்டாம்.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். ஜேர்மனியில் எம்.பே.ஊ.வுக்கான முடிப் பரிசோதனையில் டி.எச்.சி.க்கு எல்லை ஒரு மில்லிகிராமுக்கு 0.02 நானோகிராம். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். பரிசோதனைத் திட்டத்தில் சேரும்போது ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்திருப்பீர்கள். அதை எடுத்து வாசியுங்கள். கசகசா சேர்த்த பாணும் கேக்கும் சாப்பிடக்கூடாது, சணல் விதை எண்ணெய், கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சி.பி.டி. போன்ற எதையும் தொடக்கூடாது, கஞ்சா புகைக்கும் இடத்தில் இருக்கக்கூடாது என்று அதில் இருக்கும். அதாவது வெளிப்புகை முடியில் ஏறலாம் என்பது அவர்களுக்கும் தெரியும், தெரிந்துகொண்டுதான் அதிலிருந்து விலகி நிற்கும் பொறுப்பை உங்கள் தலையில் வைத்திருக்கிறார்கள். "மச்சானின் புகை" என்று நீங்கள் இப்போது போய்ச் சொன்னால், "அப்படியானால் ஏன் அங்கே இருந்தீர்கள்" என்பதுதான் பதிலாக வரும். அறிவியல் உங்கள் பக்கம் இருந்தும் ஒப்பந்தம் உங்களுக்கு எதிராக நிற்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. சொந்த வீடு இல்லாமல் உறவினரின் சோபாவில் படுப்பவருக்கும், தனி வீட்டில் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வாழ்பவருக்கும் ஒரே விதியைப் போடுவது சரியல்ல. ஆனாலும் வக்கீலுக்குக் காசு கொட்டி இந்த ஒரு முடிவை எதிர்த்து மாதக்கணக்கில் போராடுவதைவிட, அந்த மாதங்களில் ஒரு புதிய, சுத்தமான திட்டத்தை முடித்துவிடுவது உங்களுக்கு நல்லது என்றுதான் நினைக்கிறேன்.

புதிய திட்டத்துக்கு முடி வேண்டாம், சிறுநீர்ப் பரிசோதனையைத் தெரிவு செய்யுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்தது நான்கு தடவை, பன்னிரண்டு மாதம் என்றால் ஆறு தடவை. முன்கூட்டி நாள் சொல்லமாட்டார்கள். அழைப்பு வந்தால் அடுத்த நாளே போய் நிற்கவேண்டும், வேலை இடத்தில் இதை முதலே சொல்லி வையுங்கள். முடியைவிடச் சிரமம்தான். ஆனால் உங்கள் நிலைமைக்கு இதில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு: சிறுநீரில் தேடுவது உடம்பு உண்டாக்கிய அந்தக் கார்பொக்சிப் பொருளை. முடியில் ஒட்டிய புகையும் சோபாவில் ஒட்டிய பிசினும் அங்கே கணக்கில் வராது. போவதற்கு முன் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்துவிட்டுப் போகாதீர்கள். சிறுநீரில் வழக்கமாக இருக்கும் கழிவுப்பொருளான கிரியட்டினின் குறைந்து, நீர்த்த மாதிரி என்று தள்ளிவிடுவார்கள்.

அதற்காக மச்சானோடு அடைத்த அறைக்குள் இருக்கலாம் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். காற்றோட்டமே இல்லாத ஒரு சிறிய அறையில் ஆறு பேர் ஒரு மணி நேரம் கடும் கஞ்சா புகைக்க, புகைக்காத ஆறு பேரைக் கூட இருத்தினார்கள். புகைக்காதவர்களில் ஒருவரின் சிறுநீர், அமெரிக்க வேலையிடங்களில் வழக்கமான 50 நானோகிராம் எல்லையையே தாண்டியது. காற்றாடியைப் போட்டுக் காற்றை ஓடவிட்ட நாளில் ஒருவரும் தாண்டவில்லை. எம்.பே.ஊ.வுக்கான சிறுநீர் எல்லை ஒரு மில்லிலீற்றருக்கு 10 நானோகிராம்தான், அதனால் உங்களுக்கு இடைவெளி இன்னும் குறைவு. பூட்டிய காரில் புகைப்பவரோடு ஏறாதீர்கள். குளிர்காலத்தில் யன்னலைச் சாத்திக்கொண்டு புகைக்கும் அறையில் இருக்காதீர்கள்.

மொட்டை பற்றிக் கேட்டீர்கள். சிறுநீர்த் திட்டத்துக்கு முடி தேவையில்லை, ஆகவே மொட்டை அடிக்க விரும்பினால் அடிக்கலாம். ஆனால் முடித் திட்டத்தையே திரும்ப எடுப்பதாக இருந்தால், மொட்டை அடித்து வளர்த்த ஆறு சென்ரிமீற்றரும் அதே ஹோலில்தான் வளரும், அதே புகைதான் ஏறும். முடிக்கு மை பூசுவது, நிறம் நீக்குவது, இணையத்தில் விற்கும் "நச்சு நீக்கும்" ஷாம்பு எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். சாயம் பூசிய முடியை ஏற்கமாட்டார்கள், ஷாம்புக்காரருக்குத்தான் லாபம்.

சோபா விஷயத்தைக் கடைசியாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதுதான் கஷ்டம். 2024 ஏப்ரல் 1 முதல் ஜேர்மனியில் பெரியவர்கள் வீட்டில் கஞ்சா வைத்திருப்பதும் புகைப்பதும் சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. மச்சான் தன் வீட்டில் புகைப்பதை நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் எம்.பே.ஊ.வில் உளவியலாளர் உங்களை எதிரே இருத்திக் கேட்கப்போகும் கேள்விகளில், யாரோடு இருக்கிறீர்கள், அவர்கள் பாவிக்கிறார்களா, அவர்கள் நீட்டும்போது எப்படி மறுக்கிறீர்கள் என்பதும் இருக்கும். ஒவ்வொரு இரவும் புகைப்பவரின் ஹோலில் படுக்கிறேன் என்ற பதில், சுத்தமான சிறுநீர் முடிவுகளோடு போனாலும் உங்களைப் பின்னுக்கு இழுக்கும். பொய் சொல்லவும் வேண்டாம், அவர்கள் அதைக் கண்டுபிடிக்கப் பழகியவர்கள். வேறு இடத்தில் ஒரு சின்ன அறை, ஒரு நண்பரோடு பகிர்ந்த அறை, கோயிலிலோ வேலையிடத்திலோ தெரிந்த ஒரு குடும்பத்தின் மேல்மாடி என்று எதுவானாலும் பாருங்கள். அது கிடைக்கும்வரை மச்சானிடம் இன்றைக்கே கதையுங்கள். சண்டையாக அல்ல, இந்தக் கடிதத்தில் எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். பல்கனியில் புகைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லுங்கள். தலையணை, துவாய், சீப்பு, தொப்பி இவற்றையெல்லாம் உங்களுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு கூரை கொடுத்தவர், உங்கள் லைசென்ஸுக்காகக் கதவைத் திறந்து வெளியே போய் நிற்கமாட்டார் என்று நான் நினைக்கவில்லை.

அம்மாவிடம் "இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும் அம்மா, முறைப்படி செய்கிறேன்" என்று சொல்லுங்கள். அது உண்மைதானே.

அப்புறம், ஆய்வுகூடம் தந்த முழு அறிக்கையையும் கேட்டு வாங்கி வையுங்கள். முடிவு எழுதிய அந்த ஒரு தாள் போதாது. எத்தனை சென்ரிமீற்றர் எடுத்தார்கள், எந்த முறையில் கழுவினார்கள், கழுவிய நீரைப் பார்த்தார்களா, கார்பொக்சிப் பொருளைத் தேடினார்களா என்பது அதில் இருக்கவேண்டும். பெயரை மறைத்து ஒரு பிரதியை எனக்கு அனுப்பினால், வரிவரியாகப் பார்த்து எழுதுகிறேன்.